பின்னொளி

ஓசை வருகிறது, படம் வரவில்லை.
மூன்று வாரமாக எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அவ்வளவுதான்:
நாற்பத்துமூன்று அங்குலக் கறுப்பு,
அதற்குள்ளிருந்து கதவு அறையும் சத்தம், ஒரு விம்மல்,
பிறகு சலவைத்தூள் விளம்பரம்.

புன்டா அரேனாஸில் ஜூன் மாதம்
பத்து மணிக்குத்தான் விடியும்.
ஐந்தரைக்கெல்லாம் மறுபடி இருட்டு.
காற்று தகரக் கூரையின் ஆணிகளை
ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கும்.
இந்த ஊரில் இந்த மாதத்தில்
திரை அணைவது சின்ன விஷயமில்லை.

கடைக்காரன் ஒரு தொகை சொன்னான்.
"இதற்குப் புதுசே வாங்கிவிடலாம்" என்று
அவனே சேர்த்தும் சொன்னான்.
நான் படகுத்துறையில் கயிறு கட்டுகிறவன்.
முடிச்சு இறுகிவிட்டதென்று
கயிற்றை வெட்டிப் பழக்கமில்லை.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம்.
விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு
டார்ச்சைத் திரைமேல் சாய்த்துப் பிடித்தேன்.
உறைந்த குட்டைக்கு அடியில் மீன்போல
ஒரு முகம் அசைந்தது.
ஆக, படம் சாகவில்லை.
அதற்குப் பின்னால் நிற்கும் வெளிச்சம்தான் போயிருக்கிறது.
"ஓரியானா, வந்து பாரேன்."
வரவில்லை. தொடர் ஓடிக்கொண்டிருந்தது.
பின்னல் ஊசி நிற்காமல்
கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரை அணைந்த வாரம்தான் அந்தத் தொடர் தொடங்கியது.
ஒருவர் முகமும் அவள் பார்த்ததில்லை.
ஆனாலும் எனக்குச் சொல்வாள்:
மாக்ஸிமோவுக்கு வழுக்கை, உள்ளங்கை எப்போதும் ஈரம்.
லெயோனோருக்கு முன்பல் ஒன்று கோணல்,
அதனால்தான் 'ஸ' வரும்போதெல்லாம்
அப்படி விசிலடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை.
இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.
பக்கத்து வீட்டு பவுதிலியோ எச்சரித்திருந்தார்;
மல்டிமீட்டர் இரவல் தந்தவர்,
கூடவே மின்தேக்கி கடித்த கட்டைவிரலையும் காட்டியவர்.
பதினெட்டுத் திருகுகள், முட்டை அட்டையின் குழிகளில்.
கண்ணாடியைத் தூக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும்.
"மூலையைப் பிடி."
"மூலையைத்தான் பிடித்திருக்கிறேன்."
"அந்த மூலை இல்லை."
மூச்சடக்கிக் கட்டிலில் கிடத்தினோம்,
போர்வை மடிப்புகூட அதற்கு ஆகாது.

அடியில் வெங்காயத் தோல்போல மூன்று தாள்கள்.
எது மேலே எது கீழே என்று பென்சிலால் குறித்தேன்.
அதற்கும் அடியில் விளக்குகளின் வரிசை.
மல்டிமீட்டரின் ஊசிமுனையை வைக்க வைக்க
ஒன்று கண்சிமிட்டியது, அடுத்தது,
அதற்கடுத்தது.
ஏழாவது சும்மா இருந்தது.
நடுவில் கடுகளவு கருகல்.

மற்றதெல்லாம் நல்ல விளக்குகள்தான்.
கைகோத்து நின்றதுதான் அவை செய்த பாவம்.
கருகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு
அந்த இடைவெளியில் ஒரு சொட்டு ஈயம் உருக்கி விட்டேன்.
சரியான வைத்தியம் இது இல்லை, தெரியும்.
புது வரிசை சாந்தியாகோவிலிருந்து வர
ஒரு மாதம் ஆகும், கடல் அனுமதித்தால்.

மூடி முடித்தபோது ஒரு திருகு மிச்சம்.
எந்த ஓட்டையினுடையது என்று
இன்றுவரை தெரியாது.
பொத்தானை அழுத்தினேன்.
வெளிச்சம்!
இடது கீழ் மூலையில் மட்டும்
மாத்தே சிந்திய கறைபோல ஒரு நிழல்.

திங்கள், இரவு எட்டு மணி.
அடர்ந்த தலைமுடியோடு ஒரு பையன் வந்து வாய் திறந்தான்.
ஓரியானாவின் ஊசி நின்றது.
"யார் இவன்?"
"மாக்ஸிமோ."
"இல்லை."
லெயோனோர் சிரித்தாள். பல்வரிசை
அளவுகோல் வைத்துக் கீறியதுபோல.

நான்கு நிமிஷம் பார்த்திருப்பாள்.
பிறகு எழுந்து,
நாற்காலியைக் கணப்பைப் பார்க்கத் திருப்பிப் போட்டு,
திரைக்கு முதுகு காட்டி,
விட்ட இடத்திலிருந்து ஸ்வெட்டரின் கையைப் பின்னத் தொடங்கினாள்.
"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு."

கூட்டினேன்.
ஒரு வார உழைப்பை நானே தனியாகப் பார்த்தேன்.
மாக்ஸிமோ மேசைமேல் கை ஊன்றினான்,
அந்த இடது மூலை நிழலுக்குள்.
அவளிடம் சொல்லவில்லை.
ஈரமாகத்தான் தெரிந்தது.